சென்னையில் வெயில், ஊட்டியில் சீசன்

மார்ச் பிறந்ததும் எங்கள் குடியிருப்பில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் ஊட்டியா, கொடைக்கானலா?" பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்திருக்காது. ஆனாலும் யாராவது ஒருவர் நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்திருப்பார். ரயிலில் 60 நாள் முன்பதிவு என்பதால் மே முதல் வாரத்துக்கான டிக்கெட் மார்ச் முதல் வாரத்தில் திறக்கும். கொஞ்சம் அசந்தால் காத்திருப்போர் பட்டியல்தான்.

குற்றாலத்தில் சீசன் என்றால் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். தென்மேற்குக் காற்று அடிக்கிறது, சாரல் தூறுகிறது, அருவியில் தண்ணீர் விழுகிறது. மலை தருகிற சீசன் அது. மழை பொய்த்தால் சீசனும் கிடையாது. ஊட்டி சீசன் அப்படியல்ல. ஊட்டியில் வருஷம் முழுக்கக் குளிர் உண்டு, ஏதாவது ஒரு பூ பூத்தபடி இருக்கும், ஏரியில் படகும் ஓடும். பிறகு ஏன் ஏப்ரல், மே மட்டும் சீசன்? பதில் மலையில் இல்லை, இங்கே சென்னையில் இருக்கிறது. ஊட்டி சீசனின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது நம் ஊர்தான். ஏறத்தாழ 150 வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் வெப்பத்தைப் பார்த்துவிடலாம். தரையிலிருந்து மேலே போகப் போக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் பதினாலரை டிகிரி. சென்னையில் மே மாதத்தின் சராசரிப் பகல் உச்சம் 37 டிகிரியை ஒட்டி வரும். கழித்தால் 22, 23. ஊட்டியின் மே மாதப் பகல் கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் சென்னைக்காரர்களை மலையேற வைப்பது அந்தச் சராசரி இல்லை. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருக்கும் நாட்களில் மதியம் வர வேண்டிய கடற்காற்று தள்ளிப்போய்விடும். கடலை ஒட்டிய ஊர் என்ற சலுகை அன்றைக்கு நமக்குக் கிடையாது. 40 டிகிரியைத் தாண்டிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கும் சுவர் சுடும். அக்னி நட்சத்திரம் என்று மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அந்த மூன்றரை வாரம், பள்ளி விடுமுறையோடு சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. ஜூனில் பள்ளி திறந்துவிடும், மலையிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். இந்தக் குறுகிய இடைவெளிக்குப் பெயர்தான் முதல் சீசன்.

இந்த இடைவெளியில்தான் கண்காட்சி, போட்டி, படகு என்று எல்லாக் கேளிக்கையும் வந்து குவிகிறது. அப்படிக் குவிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதை வெள்ளைக்காரர்களின் ரசனை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது எனக்குப் போதாது.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைக்குப் போனார். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் குறும்பர்களும் இருளர்களும் வாழ்ந்துவந்த மலை அது. சில வருஷங்களில் சல்லிவன் அங்கே வீடு கட்டினார், ஓடைகளுக்குக் கரை போட்டு ஏரி உண்டாக்கினார். நோயாளிச் சிப்பாய்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தார்கள். அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். 1870-களில் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாகவே அது ஆகிவிட்டது. கவர்னர், கவுன்சில் உறுப்பினர்கள், செயலர்கள், எழுத்தர்கள், பெட்டி பெட்டியாகக் கோப்புகள் என்று புனித ஜார்ஜ் கோட்டையின் நிர்வாகம் வருஷத்தில் பல மாதங்கள் மலையிலிருந்து நடந்தது.

ஊட்டியில் கவர்னர் மாளிகையைக் கட்டியவர் பக்கிங்காம் கோமகன். நம் ஊர் பக்கிங்காம் கால்வாய்க்குப் பெயர் தந்த அதே கவர்னர். அவர் காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். கூலிக்கும் கஞ்சிக்கும் வந்த பஞ்சத்து மக்கள் இங்கே அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையில் கால்வாய் வெட்டினார்கள். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அங்கே மலைமேல் மாளிகை எழுந்தது. கோடைவாசம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்தேதான் ஞாபகத்துக்கு வரும்.

அரசாங்கம் மேலே போனதும் அதன் பொழுதுபோக்கும் கூடவே போனது. கோடையில் ஊட்டியில் இருந்தவர்களுக்குச் சாயங்காலங்களும் சனி ஞாயிறுகளும் நிறையக் கிடைத்தன. கிளப், குதிரைப் பந்தயம், நாய்க் கண்காட்சி, மலர்க் கண்காட்சி எல்லாம் அந்த மாதங்களில் வைக்கப்பட்டன. பந்தயம் நடத்தியது மெட்ராஸ் ரேஸ் கிளப். கிண்டியில் ஓடிய பந்தயம் கோடையில் ஊட்டிக்கு ஏறியது. நாய்க் கண்காட்சி இன்றைக்கும் மே மாதத்தில்தான் நடக்கிறது. மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு கோட்டைக் கோப்புகள் மலையேறுவது நின்றது. கவர்னருக்காகப் போட்ட காலண்டரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதில் அரசாங்கம் இருந்த இடத்தில் நடுத்தரக் குடும்பங்களாகிய நாம் உட்கார்ந்துகொண்டோம்.

மலையிலேயே வாழ்கிறவர்களின் கொண்டாட்டம் எப்போது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா மார்கழி, தைக் குளிரில் வருகிறது. ஊர் ஊராக வெள்ளை உடுத்தி நடந்து வருவார்கள். தோடர்களின் மொற்பர்த் விழாவும் அதே பனிக்காலத்தில்தான். இன்னும் கிழக்கே வந்தால், கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கிறது. மே மாதத்தில் எந்த மலைக்கும் சொந்தத் திருவிழா இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் 'கோடை விழா' என்ற பெயரில் எங்கும் நடப்பது சமவெளிக்காரர்களுக்கான விழா.

ரயிலும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் பாதை திறந்தது, ஊட்டிக்கு 1908-ல் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்தச் சரிவில் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டை ஒன்று ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். சென்ட்ரலில் இரவு ஏறிய நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மேட்டுப்பாளையம் வரும், ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் கிளம்பும், மதியத்தை ஒட்டி ஊட்டி. இந்த இரண்டு ரயிலுக்கும் இடையிலான பொருத்தமே சென்னைக்காரர்களுக்காகச் செய்ததுதான். 2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சின்ன வயதில் முதன்முதலில் அதில் போனபோது, குகைக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் பெட்டி முழுக்கக் 'ஓ' என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இப்போதும் அப்படித்தான் கத்துகிறார்கள்.

அடுத்து ஏரி. ஊட்டி ஏரி மனிதர்கள் வெட்டியது. கொடைக்கானல் ஏரியும் அப்படித்தான். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. அங்கே 1890-லேயே படகுக் குழாம் வந்துவிட்டது. ஏலகிரியின் புங்கனூர் ஏரியும் செயற்கைதான். மலையில் ஓடைகள் சரிவில் ஓடி இறங்கிவிடும், தேங்கி நிற்கும் பரப்பு குறைவு. படகு விடத் தேங்கிய தண்ணீர் வேண்டும். வாலாஜா சாலையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டிலும் படகு விடுகிறது, ஊட்டியிலும் விடுகிறது. முட்டுக்காட்டில் கடலோடு சேரும் உப்பங்கழி, ஊட்டியில் கரை கட்டிய ஏரி. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று டிக்கெட் வாங்கும் வரிசை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த ஊட்டி ஏரி முன்பு இதைவிடப் பெரிது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடமெல்லாம் ஒருகாலத்தில் ஏரிப் பகுதி. மலை நகரத்தில் சமதளம் கிடைப்பது அரிது. தண்ணீர் வடிந்த இடம் மட்டும்தான் சமமாகக் கிடைத்தது, அங்கே குதிரை ஓடியது. குத்தகை பாக்கி வழக்கு நீண்டு, 2024-ல் அரசு அந்த 52 ஏக்கர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே சூழல் பூங்கா வரும் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியில் 160 ஏக்கர் பந்தய மைதானத்தின் குத்தகையையும் அரசு ரத்து செய்தது. வேளச்சேரியும் கிண்டியும் மழைக்காலத்தில் மூழ்காமல் இருக்க அங்கே குளங்கள் வெட்டும் வேலை தொடங்கியது. ஏரியை மூடிக் குதிரை விட்ட ஊரிலும், குதிரை ஓடிய இடத்தில் குளம் வெட்டும் ஊரிலும் பந்தயம் நடத்தியது ஒரே கிளப்தான். ஊட்டியின் 52 ஏக்கரில் ஒரு பகுதியாவது மறுபடி தண்ணீர் தங்கும் இடமாக ஆனால் நான் உண்மையாகவே சந்தோஷப்படுவேன்.

மலர்க் கண்காட்சிக்கு வருவோம். சீசனின் நடுநாயகம் அதுதான். ஊட்டி தாவரவியல் பூங்கா 55 ஏக்கர். 1848-ல் வந்த மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் சதுப்பும் சரிவுமாக இருந்த இடத்தைத் திருத்தி அமைத்தது. மே மாதத்தின் நடுவில் கண்காட்சி நடக்கும். 2025-ல் நடந்தது 127-வது. அதைச் சுற்றி மாவட்டம் முழுக்க ஒரு வரிசை உண்டு. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. அந்த ரோஜாப் பூங்காவே மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுக்காக 1995-ல் உருவானதுதான்.

நாம் பார்ப்பது காட்சி மாடத்தில் அடுக்கிய பூந்தொட்டிகளை. அந்த வேலை தொடங்குவது ஜனவரியில். விதை விதைத்து, நாற்று எடுத்து, பாத்தியிலும் தொட்டியிலும் நட்டு, மே இரண்டாவது வாரத்தில் எல்லாம் ஒன்றாகப் பூக்கும்படி நாளைக் கணக்கிட வேண்டும். பெட்டூனியாவுக்கு ஒரு கணக்கு, சால்வியாவுக்கு ஒரு கணக்கு, டேலியாவுக்கு ஒரு கணக்கு. நடுவில் ஜனவரியின் உறைபனி இருக்கிறது. ஒரு தை மாதம் போயிருந்தபோது பாத்திகள் எல்லாம் உலர்ந்த புதர்க் கிளைகளால் மூடிக் கிடந்தன. வேலை செய்துகொண்டிருந்த பெண்மணியிடம் கேட்டேன்.

"இது என்னக்கா, குப்பை மாதிரி போட்டு வச்சிருக்கீங்க?"

"மிலாறுங்க. கோத்தகிரிப் பக்கத்திலேர்ந்து வருது. இதப் போடலைன்னா ராத்திரிப் பனியில நாத்து கருகிப் போயிடும்."

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் புல்வெளியில் தண்ணீரும் தெளிப்பார்கள். வெள்ளையாக உறைந்த பனி வெயில் பட்டுப் புல்லைக் கருக்குவதற்குள் கரைத்துவிடத்தான். மே மாதத்தில் அந்தப் பெரிய புல்தரையில் நாம் கால் நீட்டி உட்காருவதற்கு முன், வாரக்கணக்கில் அதில் யாரும் கால் வைக்காதபடி கயிறு கட்டி வளர்த்திருப்பார்கள். சீசன் மாதங்களில் பூங்காக்களில் சினிமா படப்பிடிப்புக்கும் அனுமதி கிடையாது. கோடம்பாக்கமும் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தனை பேரை அந்த மலை எப்படித் தாங்குகிறது? இதுதான் கடினமான பகுதி. ஊட்டியின் குடிநீருக்குப் பார்சன்ஸ் வேலி அணைதான் முக்கிய ஆதாரம். மே என்பது பருவமழைக்கு முந்தைய மாதம், நீர்மட்டம் இறங்கியிருக்கும். தண்ணீர் குறைந்த நேரத்தில் கூட்டம் உச்சம். சாலையும் அப்படியே. மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டே வழி. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். பர்லியாறு, குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழம் பழுக்கும் காலமும் இதையொட்டித்தான் வருகிறது. பழம் தேடி யானைகள் சாலையோரம் வரும். நமக்கு மே எப்படியோ, பலா அவற்றுக்கு அப்படி. வண்டிகளின் வரிசையில் கடக்க வழியில்லாமல் நிற்கும் யானையைப் படம் எடுப்பதற்குக் காரை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சீசனில் நாளுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் நீதிமன்றம் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து எடுக்கும் நுழைவு அனுமதி, கட்டாயம் என்று உத்தரவிட்டது. மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது எண்ணிக்கைக்கு வரம்பில்லை, யார் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கு எடுக்கத்தான். 2025 ஏப்ரல் 1 முதல் சீசன் மாதங்களுக்கு வரம்பும் வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் போனது. பாரிமுனையில் தீர்ப்பு, கிண்டியில் கணக்கு, மலையில் சோதனைச் சாவடி. கோட்டைக் கோப்புகள் ஏறுவது நின்ற பிறகும் ஊட்டி சீசனை நடத்துவது சென்னைதான்.

ஊட்டி வணிகர்கள் இதை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். வர்க்கி சுடுபவர், ஸ்வெட்டர் விற்பவர், மட்டக்குதிரை வைத்திருப்பவர், காட்டேஜ் குத்தகைக்கு எடுத்தவர் எல்லோருக்கும் வருஷ வருமானத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு மாதத்தில்தான் வருகிறது. நெருக்கடி கூட்டத்தின் அளவில் மட்டும் இல்லை, அது அத்தனையும் எட்டு வாரத்துக்குள் வந்து விழுவதில் இருக்கிறது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதை நம்மில் பலர் இன்னும் கவனிக்கவில்லை.

குளிரும் இனி அப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. விடுதிகளில் மின்விசிறி கேட்டார்கள். மின்விசிறிக்குக் கொக்கியே இல்லாத ஊர் அது.

வெளியே நடக்க, மலையேற விரும்புகிறவர்களுக்கு வெயில் ஏறத் தொடங்கும் மாதங்கள் பொருத்தமானவையே இல்லை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம். காய்ந்த புல்லில் தீ நம்மைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அவர்களில் பலர். கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவே வாரக் கடைசியில் கொஞ்சம் காற்று வாங்கப் போனவர்கள். அந்த வாரம் இந்த ஊரில் அலுவலகம் அலுவலகமாக இருந்த துக்கம் மறக்கக்கூடியதல்ல. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் மூடல். வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் நிறையப் பேர். காட்டைத் தெரிந்தவர்களுக்கே காட்டைக் காட்டும் வேலை கிடைத்திருக்கிறது.

சென்னைக்கு அருகிலிருக்கும் மலைகளைப் பற்றியும் கொஞ்சம். ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். உயரம் ஊட்டியில் பாதிதான், அதனால் குளிரும் பாதிதான். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி, கோடை விழா அங்கும் மே மாதத்தில். இரண்டு நாள் போதும் என்பவர்களுக்கு இவை நல்ல இடங்கள்.

இதற்கிடையில் சென்னைக்கே மலர்க் கண்காட்சி வந்துவிட்டது. 2022 ஜூனில் கலைவாணர் அரங்கில் முதல்முறை நடந்தபோது போனேன். வெளியே அனல், உள்ளே குளிரூட்டிய அரங்கில் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த பூக்கள். இப்போது அதைக் கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவுக்கும், ஜனவரி, பிப்ரவரிக்கும் மாற்றியிருக்கிறார்கள். சரியான முடிவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும், இரவில் 20 டிகிரியை ஒட்டி வரும், செடியைத் தொட்டியோடு வெளியில் வைத்தால் வாடாது. சென்னைக்கு என்று ஒரு பூக்காலம் உண்டு என்றால் அது தைதான். எதிர்ப்பக்கம் 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஜிப்லைனும் செயற்கைப் பனிமூட்டப் பாதையும் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பனிமூட்டத்துக்குள் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க வேண்டும், மலை ரயில் குகைக்குள் கேட்கும் அதே 'ஓ' கேட்கும்.

மலையிலும் மே ஒன்றுதான் காலம் என்றில்லை. ஊட்டியில் செப்டம்பர், அக்டோபரை இரண்டாம் சீசன் என்பார்கள். தென்மேற்கு மழை தணிந்து வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முந்தைய இடைவெளி. அணையில் தண்ணீர் இருக்கும், பைக்காரா அருவி விழும், சரிவெல்லாம் பச்சை. பூங்காவில் ஜூலையிலேயே அடுத்த சுற்று நாற்று நட்டுத் தொட்டிகளை அடுக்கியிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை அதற்குள்தான் வருகிறது. போன வருஷம் அப்போது போனபோது படகுக்குப் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த விடுமுறைக்கான ரயில் டிக்கெட் ஜூலை கடைசியில் திறக்கும்.